டைரக்ட் போட்ட மெஷின்

ஓணத்துக்கு முந்தைய வாரம் சுதீஷின் அழைப்பு வந்தபோது, செல்வகணேஷ் திருவனந்தபுரத்தில் பட்டம் என்னும் இடத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவை அறையில் மல்லாந்து படுத்து, ஒரு மெஷினின் அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தான். பெரிய மெஷினின் கதவு பூட்டமாட்டேன் என்கிறது, துணி மலைபோலக் குவிந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா என்றான் சுதீஷ்.

செல்வகணேஷுக்குக் குழித்துறைப் பக்கம் ஊர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவன். ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு தனியாகத் தொழில் பார்த்தான். கரமனையில் வாடகை வீடு. வீட்டு மெஷின்களை அவன் தொடுவதில்லை. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ரிசார்ட் என்று மூட்டை மூட்டையாகத் துணி விழுங்கும் பெரிய மெஷின்கள்தான் அவனுக்குப் பழக்கம். செல்வனைக் கூப்பிட்டால் ஓட வைத்துவிட்டுத்தான் போவான் என்று அந்த வட்டாரத்தில் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சுதீஷின் சலவைக்கூடம் முக்கோலையில், துறைமுகத்துக்கு லாரிகள் போகும் சாலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருந்தது. நீளமான தகரக் கொட்டகை. கோவளத்து ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்பும் துவாலையும் அங்கேதான் வெளுத்துக் காய்ந்து மடிந்து போகும். ஆள் உயர மெஷின்கள் இரண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வது இசக்கிசெல்வியும் கோமதியம்மாளும்; காயவைத்து மடிக்க வேறு பெண்களும் வந்துபோனார்கள். இசக்கிசெல்விக்கு ராதாபுரம் பக்கம் ஊர். கணவன் தாணுமாலையன் துறைமுகக் கட்டுமானத்தில் கம்பி கட்டும் வேலை செய்தான். இருவரும் முக்கோலையிலேயே ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். கோமதியம்மாள் வயதில் மூத்தவள், கணவனை இழந்தவள். மெஷின் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே குறைத்துக்கொண்டவள்.

செல்வகணேஷ் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக்குள் நடக்க வழியில்லாமல் துணி கிடந்தது. கதவை மூடினால் பூட்டு விழுகிற சத்தம் கேட்கும், இப்போது கேட்கவில்லை, திரையில் கதவுப் படம்தான் மின்னுகிறது என்று இசக்கிசெல்வி சொன்னாள். காலையில் இரண்டு தடவை அதுவாகவே சரியாகி ஓடியதாம். பிறகு அடியோடு நின்றுவிட்டதாம்.

அவன் முதலில் செய்யவேண்டியதையெல்லாம் செய்தான். மின்சாரத்தை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, மறுபடி கொடுத்தான். கதவின் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பார்த்தான். வளையவில்லை. பூட்டின் வாயில் அடைத்திருந்த பஞ்சையும் சோப்புத் தூள் கட்டியையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் நோண்டி எடுத்தான். மாற்றமில்லை. பின்பக்கத்தைத் திறந்து, மெஷினை இயக்கும் போர்டில் பூட்டுக் கம்பிகள் வந்து சேரும் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தான். கதவு மூடியிருந்தும் மீட்டர் கீச்சிடவில்லை. பூட்டு செத்துவிட்டது என்று முடிவு செய்தான்.

உண்மையில் அந்த அளவிலிருந்து அப்படி முடிவு செய்ய முடியாது. பூட்டு கெட்டிருக்கலாம், அல்லது பூட்டுக்கும் போர்டுக்கும் நடுவே கம்பி விட்டிருக்கலாம். எது என்று அறிய, முன்பக்கத்து இரும்புப் பலகையைக் கழற்றி, பூட்டிலேயே மீட்டரை வைக்கவேண்டும். கடற்காற்றில் அந்தப் பலகையின் திருகாணிகள் எல்லாம் துரு ஏறி இறுகியிருந்தன. கழற்றத் தொடங்கினால் பாதி உடையும், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். பட்டத்தில் பாதியில் விட்டுவந்த மெஷின் வேறு அவன் மனதில் இருந்தது. பூட்டுத்தான், வேறென்ன, இந்த உப்புக் காற்றில் எந்தப் பூட்டு நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புதுப் பூட்டு கொச்சியிலிருந்து வரவேண்டும் என்று கேட்டதும் சுதீஷின் முகம் மாறியது. அவன் கொடூரமானவன் அல்ல. வேலைக்காரர்களைப் பெயர் சொல்லி அழைப்பான், பெண்களுக்கு ஓணப்புடவை எடுத்துவைத்திருந்தான். ஆனால் அந்த வாரம் அவனுக்குத் துணி கொடுக்கும் இரண்டு ரிசார்ட்டுகளும் நிரம்பி வழிந்தன. நேரத்துக்குத் துணி போகாவிட்டால் வேலையை வேறு கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தார்கள்.

"செல்வா, ஓணம் அல்லே. எப்படியெங்கிலும் ஓட்டித் தா. லாக் வந்தா நீயே வந்து மாத்திக்கோ."

அதற்கு ஒரு வழி இருப்பது இருவருக்கும் தெரியும். தொழிலில் அதை டைரக்ட் போடுவது என்பார்கள். போர்டின் முனையில் ஒரு சிறு கம்பித் துண்டால் இரண்டு முனைகளை இணைத்துவிட்டால், கதவு மூடிப் பூட்டியாகிவிட்டது என்று மெஷின் நம்பிக்கொள்ளும். பூட்டு விழாமலேயே ஓடும். அதாவது, டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே யார் கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறந்துகொள்ளும். வேறு இடங்களில் ஓரிரு முறை, சோதித்துப் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் அவன் அப்படிச் செய்ததுண்டு. அப்படியே விட்டுவிட்டு வந்ததில்லை.

அன்றைக்கு விட்டுவிட்டு வந்தான். புறப்படும் முன் இரண்டு பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னான்.

"இது இப்பம் பூட்டாது, கேட்டீங்களா. டிரம் நிக்கது வரைக்கும் கைப்பிடியில கை வைக்கப்பிடாது. கண்ணாடி வழியா நல்லாப் பாத்துக்கிட்டுத்தான் தொறக்கணும்."

இசக்கிசெல்வி தலையாட்டினாள். கோமதியம்மாள் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூட்டு வர ஓணம் கழிந்துவிட்டது. அது கைக்கு வந்த அன்றே செல்வகணேஷ் சுதீஷைக் கூப்பிட்டான். அடுத்து ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் ரிசார்ட்டில் இறங்குகிறது, மெஷினை அரை நாள் நிறுத்தினால் தாங்காது, அது முடியட்டும் என்றான் சுதீஷ். ஓடுகிறதல்லவா, ஓடட்டும். செல்வகணேஷ் வற்புறுத்தவில்லை. அந்தத் துருப்பிடித்த திருகாணிகளோடு மல்லுக்கட்டுவது தள்ளிப்போனதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பூட்டை அட்டைப்பெட்டியோடு பைக்கின் பக்கப் பெட்டியில் போட்டுக்கொண்டு வேறு வேலைகளுக்குப் போய்வந்தான்.

அது நடந்தது ஒரு மழைக்கால மாலை. இசக்கிசெல்வி பெரிய மெஷினில் விரிப்புகளைப் போட்டிருந்தாள். தண்ணீரைப் பிழிந்தெறியும் கடைசிச் சுற்று வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மெஷினின் திரை அணைந்தது. மோட்டார் இரைச்சல் அடங்கியது. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியில் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. மோட்டார் நின்றாலும், நனைந்த துணியின் கனத்தோடு அந்த டிரம் நெடுநேரம் தானே சுற்றும். கொட்டகையில் இருட்டு. அவள் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. கையை உள்ளே விட்டாள்.

ஈர விரிப்பு அவள் கையைச் சுற்றி முறுக்கி உள்ளே இழுத்தது. கோமதியம்மாள் திரும்பிப் பார்த்தபோது இசக்கிசெல்வி தோள்வரை மெஷினுக்குள் இருந்தாள். மடிப்பு மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவந்து, டிரம் ஓய்ந்ததும் விரிப்பை அறுத்து அவளை வெளியே எடுத்தவள் கோமதியம்மாள்தான். மெடிக்கல் காலேஜில் வலது கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் சுதீஷ் போனில் இதையெல்லாம் சொன்னான். செல்வகணேஷ் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டான். எந்தக் கை என்று கேட்டான். அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் இன்று வருவார், அதற்குள் புதுப் பூட்டை மாட்டிவிடு என்றான் சுதீஷ்.

கொட்டகையில் தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். மற்றப் பெண்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தான் சுதீஷ். கோமதியம்மாள் மட்டும் வாசலில் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள். செல்வகணேஷ் அவளைக் கடந்து உள்ளே போனான். முன்பலகையின் திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினான். நினைத்த அளவுக்கு நேரம் ஆகவில்லை. ஒன்றுதான் உடைந்தது.

பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினான். பின்னால் போட்டிருந்த கம்பித் துண்டை எடுத்தான். மெஷினை ஓடவிட்டு, கதவைச் சாத்தினான். பூட்டு விழவில்லை. திரையில் கதவுப் படம் மின்னியது.

பழைய பூட்டைக் கையில் எடுத்து மீட்டரை வைத்தான். மீட்டர் கீச்சென்றது. பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டே விரலால் தடவிப் போனான். பலகைக்குப் பின்னால், ஒரு பிடிப்பில் மடங்கித் திரும்பும் இடத்தில், மேலுறைக்குள் கம்பி மட்டும் அறுந்திருந்தது. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்த இடம். வெளியே பார்த்தால் தெரியாது. மடக்கினால் அந்த இடம் மட்டும் தொய்ந்து நொடிந்தது. அன்றைக்குப் பலகையைக் கழற்றியிருந்தால், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அதை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். கொச்சியிலிருந்து எதுவும் வரவேண்டியிருந்திருக்காது.

அறுந்த இடத்தைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினான். கை தானாகத் தன் வேலையைச் செய்தது. கதவைச் சாத்தினான். டக்கென்று பூட்டு விழுந்தது. மெஷின் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது.

சுதீஷ் ஓடிவந்து பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவன் மெதுவாகச் சொன்னது இதுதான்: பூட்டு நன்றாகத்தான் இருந்தது, அவசரத்தில் அவளே எதையோ வைத்து நெம்பித் திறந்திருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். அவளை அவன் கைவிடமாட்டான், ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவனுடையது. ஆனால் இந்தக் கூடத்தைப் பூட்டிச் சீல் வைத்தால் இங்கே வேலை செய்கிற இத்தனை பெண்களும் எங்கே போவார்கள்? பிறகு, செல்வகணேஷ் குனிந்து கருவிகளைப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, இன்னொன்றும் சொன்னான்.

"டைரக்ட் போட்டது உன் கை அல்லே, செல்வா. உள்ளே போகவேண்டியது யாருன்னு நீயே யோசிச்சு நோக்கு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் கோமதியம்மாள் உள்ளே வந்தாள். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தாள்.

"இப்பம் பூட்டுதா?"

"பூட்டுது அக்கா."

"இத அன்னைக்கே செஞ்சிருக்க முடியுமா?"

செல்வகணேஷ் கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தான். அவள் நகரவில்லை. கடைசியில், முடியும் என்றான். அவள் தன் கூடைக்குத் திரும்பிப் போனாள்.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. மலையாளத்தில் சுருக்கமாகக் கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டார். மெஷினை ஓடவிட்டுக் கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. பிறகு செல்வகணேஷைப் பார்த்துப் பூட்டில் ஏதும் கோளாறு இருந்ததா என்று கேட்டார். பூட்டு நன்றாகத்தான் இருந்தது என்றான் அவன். சொல்லுக்குச் சொல் அது உண்மை. ஓணத்துக்கு முன்னால் சர்வீஸ் பார்த்துவிட்டுப் போனேன் என்றும் சொன்னான். அதுவும் உண்மைதான். கோமதியம்மாளிடம் கேட்டபோது, நான் அந்தப் பக்கம் திரும்பித் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பார்க்கும்போது கை உள்ளே இருந்தது என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் செல்வகணேஷைப் பார்க்கவில்லை. ஆய்வாளர் போனபிறகு சுதீஷ் அவன் தோளில் கை வைத்தான். செல்வகணேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பாலராமபுரம் தாண்டிய பிறகுதான், கரமனைக்குப் போகாமல் நேரெதிர்த் திசையில் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

அடுத்த சில நாட்கள் எந்த வேலைக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொன்னான். பிறகு ஒரு பிற்பகல், கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு மெடிக்கல் காலேஜுக்குப் போனான். எதற்காகப் போகிறோம் என்று தெளிவில்லை. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

தாணுமாலையனை அவன் முன்பு கண்டதில்லை. வார்டு வாசலில், சிமெண்ட் கறை போகாத கைகளோடு, ஒல்லியாக ஒருவன் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு நின்றான். மெஷின் மெக்கானிக் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, வாங்க அண்ணே என்று உள்ளே கூட்டிப்போனான். சலவைக்கூடத்திலிருந்து கோமதியம்மாளைத் தவிர வேறு யாரும் வந்து பார்க்கவில்லை, நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்றான்.

இசக்கிசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்துச் சிறுத்திருந்தது. இடது கையால் போர்வையை இழுத்து, கட்டுப் போட்ட பக்கத்தை மூடிக்கொண்டாள். அவனைக் கண்டதும், தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவளைப்போலப் பார்வையைத் தாழ்த்தினாள்.

"நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னிய அண்ணே. நிக்கிறதுக்கு முன்னாடி தொடாதன்னு. எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு."

செல்வகணேஷால் அங்கே நிற்க முடியவில்லை. பழப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தான். தாணுமாலையன் பின்னாலேயே வந்தான். முதலாளி நேற்று ஆளனுப்பியிருந்தாராம். இது தன்னுடைய கவனக்குறைவால் நடந்தது என்று அவள் எழுதிக்கொடுத்துவிட்டால், வழக்கு கிழக்கு என்று இழுபடாமல், அவரே பார்த்து ஏதாவது செய்வாராம். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம் என்றான் தாணுமாலையன். அவளே தன் தப்புதான் என்கிறாள், பிறகு யாரிடம் போய்ச் சண்டை போட முடியும்?

வராந்தாவில் சக்கர நாற்காலிகள் போய்வந்துகொண்டிருந்தன. செல்வகணேஷ் சுவரோரம் ஒதுங்கி நின்று, தரையைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் சொன்னான். பலகையைக் கழற்றாமல் விட்டதை, கம்பித் துண்டை, அட்டைப்பெட்டியில் கிடந்த பூட்டை, அறுந்திருந்த இடத்தை, ஆய்வாளரிடம் சொன்னதை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தோன்றியதால் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

தாணுமாலையன் அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அவன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கை அவளுக்குல்லா போச்சு. உள்ள வாங்க. அவகிட்டச் சொல்லுங்க."

திரும்பிப் போய்ச் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். அவன் முடித்தபோது இசக்கிசெல்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, தனக்கே விளங்கவைப்பதுபோலச் சொன்னாள்.

"அது எப்பவும் நின்னாத்தான் தொறக்கும். இத்தன வருசமா நான் கண்ணால பாக்கதே இல்ல, கையால இழுத்துத்தான் பாப்பேன். தொறந்தா நின்னுட்டுன்னு அர்த்தம். அன்னைக்கும் தொறந்துச்சு."

அவன் அன்று சொன்ன எச்சரிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வருடக்கணக்காக அந்தக் கைக்குப் பூட்டு ஒரு பாடம் கற்றுக்கொடுத்திருந்தது. ஒரு நாள் வாயால் சொன்னதை அந்தக் கை எப்படி நினைவில் வைத்திருக்கும்? அவன் வாசலை அடைந்தபோது தாணுமாலையன் பழப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தான். கோபமாக அல்ல. மறந்துவிட்டுப் போன பொருளைத் திருப்பிக் கொடுப்பவனைப்போல.

மறுநாள் செல்வகணேஷ் ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போய், முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னான். பழைய பூட்டையும் கம்பித் துண்டையும் மேசைமேல் வைத்தான். அவர் கம்பித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றான். பிறகு போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொன்னான். சுதீஷையும் அவனையும் சேர்த்து வழக்குப் பதிவானது. சுதீஷ், டைரக்ட் போட்டதே தனக்குத் தெரியாது, மெக்கானிக் தன்னிச்சையாகச் செய்தது என்று எழுதிக்கொடுத்தான். கோமதியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தபோது, முதலாளி பக்கத்தில் நிற்கும்போதுதான் அது நடந்தது, எப்படியாவது ஓட்டித் தா என்று அவர் சொன்னதைத் தன் காதால் கேட்டேன் என்றாள். அதோடு அவள் வேலை போயிற்று. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அவளிடமும் கேட்டார்களாம். அவன் சொல்லுவானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாளாம்.

சலவைக்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். கொஞ்ச நாளில் சுதீஷின் மைத்துனன் பெயரில் வெங்ஙானூர்ப் பக்கம் வேறொரு கூடம் திறந்தது. பழைய பெண்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிகள் செல்வகணேஷைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அடுத்த வேலை வரும்போது சொல்லுகிறோம் என்றார்கள், அடுத்த வேலை வரவில்லை. அவன் அடுக்குமாடி வீடுகளில் சின்ன மெஷின்களைப் பழுதுபார்க்கத் தொடங்கினான். ஒவ்வொரு வீட்டிலும் முன்பலகையைக் கழற்றாமல் அவன் எதையும் சொல்வதில்லை. அதிக நேரம் எடுக்கிறான் என்று வீட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள்.

நஷ்டஈட்டு வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. சாட்சி சொல்ல அவனைக் கூப்பிட்ட நாளில் நல்ல மழை. இசக்கிசெல்வியும் தாணுமாலையனும் ராதாபுரத்திலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முக்கோலை அறையை எப்போதோ காலி செய்துவிட்டார்கள். தாணுமாலையன் இப்போது ஊரிலேயே கிடைக்கிற வேலைக்குப் போகிறான் என்றும், அவளைத் தனியே விட்டுவிட்டு வர மனமில்லை என்றும் கோமதியம்மாள் சொன்னாள். அவளும் நாள் முழுக்க அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

செல்வகணேஷ் கூண்டில் நின்று நடந்ததைச் சொன்னான். சுதீஷின் வக்கீல், பணத்துக்காகச் சொல்லுகிறாயா, முதலாளிமேல் என்ன பகை என்றெல்லாம் கேட்டார். அவன் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் இசக்கிசெல்வியிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை வலத்தோளைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் பேசியதை ஒருவர் மலையாளத்தில் மொழிபெயர்த்தார்.

"அந்த அண்ணன் சொன்னது அம்புட்டும் உள்ளதுதான். ஆனா அவரு உள்ளதச் சொன்னதால எனக்கு ஒண்ணும் ஆறல. அதையும் எழுதிக்கிடுங்க."

மொழிபெயர்ப்பவர் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னார். இரண்டாவதையும் சொல்லும்படி அவள் கேட்டாள். சொன்னார். எழுதிக்கொண்டார்களா என்பது செல்வகணேஷுக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாகத்தான் வந்தது. சுதீஷ் மேல்முறையீடு செய்திருக்கிறான். செல்வகணேஷ்மேல் உள்ள கிரிமினல் வழக்கு தனியாக நடக்கிறது. அதில் தண்டனை உறுதி என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். அவன் மறுக்கவில்லை.

சாட்சி சொன்ன அன்று மாலை மழை விடவில்லை. நீதிமன்ற வாசலிலிருந்து தாணுமாலையன் கோமதியம்மாளோடு ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். இசக்கிசெல்வி ஒற்றைக் கையில் துணிப்பையையும் மடக்கிய குடையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். குடையை விரிக்கப் பையைக் கீழே வைக்கவேண்டும். கீழே சேறு. பையை முழங்கைமேல் ஏற்றிக்கொண்டு, குடையின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தப் பார்த்தாள். விரல் எட்டவில்லை. குடையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மறுபடி முயன்றாள். செல்வகணேஷ் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு எட்டு வைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் வா என்றோ வராதே என்றோ எதுவும் இல்லை. குடை ஒரு பக்கமாக விரிந்தது. அவள் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஆட்டோ நின்ற இடத்தை நோக்கி மழைக்குள் இறங்கி நடந்தாள்.